கலவரம் என்னும் பொய் எழுவாய்

ஆங்கிலத்திலே ‘அவுட்பிறேக்’ என்றொரு சொல் வழங்குகிறது. உள்ளே அடைபட்டிருந்த ஒன்று தடையை உடைத்துக்கொண்டு திடீரென வெளிப்படுதல் என்பது அதன் அடிப்பொருள். போர், நோய், தீ, கலகம், தோலிற் காணும் கொப்புளம், அடக்கிவைத்த சினம் ஆகிய அனைத்துக்கும் அச்சொல்லையோ அதன் வினைவடிவத்தையோ ஆங்கிலேயர் ஆளுவர். ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்தில் போலோனியஸ் என்னும் முதியவன், இளைஞரின் கட்டுக்கடங்காத மனவேகத்தைக் குறிக்க இதனையே கையாள்கிறான். உள்ளக் கொதிப்பையும் கொள்ளை நோயையும் ஒரே சொல்லாற் சுட்டும் வசதி ஒரு மொழிக்கு இருப்பதில் தவறு யாதுமில்லை. ஆயின் அச்சொல் தமிழுக்குள் புகுந்த வழியும், புகுந்தபின் இந்நாட்டிலே அது செய்துவரும் வேலையும் விசாரணைக்குரியன.

‘கலவரம் வெடித்தது’ என்னும் வாக்கியத்தை அறியாத தமிழ் வாசகர் இலர். 1915 இல் கண்டியில் கலவரம் வெடித்தது. 1958 இல் வெடித்தது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளிலும் வெடித்தது. 2018 இல் திகனையில் வெடித்தது. ஆண்டு மாறுகிறது, ஊர் மாறுகிறது, அடிபடுவோர் மாறுகின்றனர். வினைச்சொல் மட்டும் மாறுவதில்லை. செய்தியாளர் அவசரத்தில் எழுதுகிறார், ஆங்கிலச் செய்தியை நள்ளிரவில் மொழிபெயர்ப்பவருக்குச் சொல்லை நிறுத்துப் பார்க்க நேரமில்லை என்று அவர்களை மன்னித்துவிடலாம். வரலாற்று நூல் எழுதுவோரையும், ஆய்வுக் கட்டுரை படிப்போரையும், பரீட்சை விடைத்தாளில் அதே வாக்கியத்தை எழுதிப் புள்ளி பெறும் மாணவரையும் அங்ஙனம் மன்னிக்க இயலாது. அவ்வாக்கியம் ஒரு பொய்ச் சாட்சி என்பதே நமது வாதம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். தமிழிலே ‘வெடித்தல்’ என்பதன் பழைய பொருள் பிளத்தல். மழையின்றி வாரக்கணக்காகக் காய்ந்த வயல் வெடிக்கும். முற்றிய பருத்திக்காய் வெடிக்கும். செருப்பின்றி நடந்த குதிக்கால் பித்தவெடிப்புக் காணும். இவற்றுள் எதுவும் காரணமின்றி ஒரு நொடியில் நிகழ்வதன்று. வெடிப்பைக் காணும் உழவன் அதன் பின்னே மழை பொய்த்த நாள்களை எண்ணுவான்; அவனுக்கு வெடிப்பு என்பது நெடுநாட் செய்தியொன்றின் கடைசி வரி. வெடிமருந்து வந்தபின்னரே இச்சொல்லில் திடீரென்ற ஓசை ஏறியது. வெடிமருந்தைக் கூட ஒருவன் இடித்து நிரப்பித் திரியைக் கொளுத்தவேண்டியிருந்தது என்பதை வேட்டுக்காரரைக் கண்டோர் அறிவர். ஆங்கிலச் சொல்லின் நிழலாக இன்று நாம் எழுதும் ‘வெடித்தது’ என்பதிலோ வறட்சியும் இல்லை, திரி கொளுத்தியவனும் இல்லை. ‘கலவரம்’ என்னும் சொல்லுக்கும் இக்கதியே நேர்ந்துள்ளது. மனத்தின் கலக்கத்தையும் பதற்றத்தையும் குறித்த அச்சொல், இன்று பிறர் வீட்டுக்குத் தீயிடுதலுக்குப் பெயராகி நிற்கிறது. கொள்ளையிட்டவனையும் கொள்ளை கொடுத்தவனையும் ஒரே பதற்றத்தில் ஆழ்ந்த இருவராகக் காட்டும் வசதி இதிலுண்டு.

அடுத்தது இலக்கணம். ஆங்கிலத்தின் அவ்வினைக்குப் பிறவினை வடிவம் கிடையாது. கலவரம் தானே வெளிப்படலாம். அதே வினையைக் கொண்டு, ஒருவர் கலவரத்தை வெளிப்படுத்தினார் என்று சொல்ல வழியில்லை. தூண்டினார், கட்டவிழ்த்துவிட்டார் என வேறு சொற்களைத் தேடிச் செல்லவேண்டும். தமிழின் நிலை வேறு. மூண்டது என்றால் மூட்டினர் என்பது அருகிலேயே நிற்கிறது. கிளம்பியது – கிளப்பினர். பரவியது – பரப்பினர். கவிழ்ந்தது – கவிழ்த்தனர். ‘கடை எரிந்தது’, ‘கடையை எரித்தனர்’ என்னும் இரண்டுக்கும் இடையே வினையடியில் வேறுபடுவது ஒரு மெய்யெழுத்து. நகரம் தகரமாகும்போது, மின்னொழுக்கோ அடுப்பு நெருப்போ காரணமாக இருக்கக்கூடிய ஒரு விபத்து, கைகளும் பெயர்களும் உடைய மனிதரின் செயலாகிவிடுகிறது. இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு நுட்பமாகவும் உண்மையைச் சொல்ல இடந்தரும் மொழியை வைத்துக்கொண்டு, இடந்தராத மொழியின் வாக்கியத்தை இறக்குமதி செய்பவர்கள் நாம்.

ஒரு தொழில் நிகழ்வதற்கு எட்டுத் துணை வேண்டும் எனத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் வகுத்துள்ளார். தொழில், அதைச் செய்வோன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி ஆகிய ஆறோடு, இன்னாருக்கென்பதும், இன்ன பயன் கருதி என்பதும் சேர்ந்து எட்டாகும். பிற்காலத்து நன்னூலார் இவற்றில் ஆறையே வினை தரும் என்று கொண்டார். தொல்காப்பியரின் கடைசி இரண்டும் இன்றைய குற்றவியல் விசாரணையாளனும் கேட்கும் கேள்விகள் என்பது கவனத்துக்குரியது. யாருக்காக? என்ன பயன் கருதி? ‘1983 யூலையில் கொழும்பில் கலவரம் வெடித்தது’ என்ற வாக்கியத்தை இவ்வெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலம் உண்டு, இடம் உண்டு. செய்வோன் இருக்கவேண்டிய ஆசனத்தில் கலவரம் என்ற தொழிற்பெயரே எழுவாயாக ஏறி அமர்ந்துகொண்டிருக்கிறது. செயலே செய்பவனாகிவிட்ட பின், செய்பவனைத் தேடுவார் யார்?

இலக்கணம் கற்ற நண்பர் ஒருவர் இவ்விடத்தில் மறுக்கக்கூடும். எட்டும் எப்போதும் இருந்தாக வேண்டும் என்று தொல்காப்பியர் வற்புறுத்தவில்லை. குறையக்கூடியவை குறையலாம் என்கிறார். அது மட்டுமன்று, செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறுவதும் வழக்கு என வினையியலில் ஒப்புகிறார். உரையாசிரியரும் திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொண்டது போன்ற பேச்சை இதற்கு உதாரணங் காட்டுவர். உண்மை. ஆனால் திண்ணையை மெழுகியவள் யார் என்பது அவ்வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் விடுவதால் எவருக்கும் நட்டமில்லை. தெரிந்ததைச் சொல்லாது விடும் சிக்கனம் ஒன்று. தெரியவிடாது தடுக்கும் சிக்கனம் இன்னொன்று. முன்னதற்குத் தந்த உரிமையைப் பின்னதற்குக் காட்டுவது இலக்கணமாகாது.

கண்டியில் இருந்துகொண்டு இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1915 இன் வன்செயல் இந்நகரிலேதான் தொடங்கியது. மே 28 ஆந் திகதி இரவு, வெசாக் ஊர்வலம் ஒன்று நகரப் பள்ளிவாசலொன்றை நெருங்கியபோது மூண்ட தகராறு, சில நாள்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. பாடநூல்கள் பலவும் இங்கேதான் கதையைத் தொடங்குகின்றன: பௌர்ணமி இரவு, பாட்டு, கல்லெறி, வெடிப்பு. ஆனால் கண்டியிலிருந்து சில கட்டைத் தொலைவிலுள்ள கம்பளையில் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இக்கதை தொடங்கிவிட்டது. வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹர அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது, இருபுறமும் குறித்த தொலைவுக்கு மேளவாத்தியத்தை நிறுத்தவேண்டும் என 1912 இல் அரசாங்க அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடுத்தார். 1815 ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தம் தந்த உரிமை வாதத்துக்கு வந்தது. 1914 இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் போல் ஈ. பீரிஸ் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வெசாக் வந்தது அதன்பின் சில மாதங்களில். இதனூடே கரையோர முஸ்லிம் வணிகர்மீது எழுதப்பட்டு வந்த வசைகளும், உலகப்போர்க் காலத்து விலையேற்றமும், அவ்விலையேற்றத்துக்குக் கடைக்காரனே பொறுப்பு என்ற பேச்சும் உள்ளன. நீதிமன்றப் பதிவேடுகளும் பத்திரிகைகளும் அதிகாரிகளின் கட்டளைகளும் நிறைந்த மூன்றாண்டுகளை ஒரு பௌர்ணமி இரவுக்குள் மடித்து வைப்பதற்கே ‘வெடித்தது’ பயன்படுகிறது.

1915 நமக்கு வேறொன்றையும் கற்பிக்கிறது. அது நமது வாதத்துக்கு அவ்வளவு வசதியானதன்று. அன்றைய ஆங்கில ஆட்சி, செய்தவன் இல்லை என்று சொல்லவில்லை. மாறாக, இல்லாத செய்வோனைப் படைத்தது. தன் ஆட்சிக்கு எதிரான சதி இதன் பின்னே உண்டெனக் கொண்டு, யூன் 2 ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, மதுவொழிப்பு இயக்கத் தலைவர்களைச் சிறையிலடைத்தது. எட்வர்ட் ஹென்றி பேதிரிஸ் யூலை 7 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் இவ்வநீதியை எதிர்த்து வாதாடி, 1916 இல் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். சிங்களத் தலைவர்கள் அவரைப் பாராட்டியதும், கடையையும் உயிரையும் இழந்த முஸ்லிம்கள் தம் இழப்பு அவ்வாதத்தில் ஒதுங்கிப்போனதை மறவாததும் யாவரும் அறிந்தவை. ஆகவே எழுவாயைத் தேடுவது என்றால் கிடைத்தவனை எழுவாயாக்குவது என்று கொள்ளலாகாது. இராணுவச் சட்டத்தின் பொய் எழுவாயும் பாடநூலின் பொய் எழுவாயும் ஒரே வேலையையே செய்தன. கடை எரித்தவனும் அவனை ஏவியவனும் யாரென்ற கேள்வி இரண்டிலும் தப்பிப்போயிற்று.

1977 ஓகஸ்டில் நிகழ்ந்தவற்றை விசாரிக்க அமைக்கப்பட்ட சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை, தன் தலைப்பிலே ‘சம்பவங்கள்’ என்னும் சொல்லைத் தாங்கி 1980 இல் வெளிவந்தது. ‘வெடித்தது’ என்பதன் சாதுவான தம்பி ‘சம்பவம்’. மலையகத் தோட்டங்களில் அவ்வாண்டு அடிபட்ட தொழிலாளர் குடும்பங்கள் பல, பிறந்த லயத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின. சம்பவம் ஒருவரை அவ்வளவு தூரம் துரத்துவதில்லை.

1983 பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. ஆயினும் சொல்லைப் பற்றிய ஒன்றைக் கூறவேண்டும். யூலை 26 ஆந் திகதி கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. திருநெல்வேலியில் பதின்மூன்று படையினர் கொல்லப்பட்ட யூலை 23 இன் தாக்குதலுக்கு எழுந்த உணர்ச்சி வெடிப்பு இது என்பது அரசாங்கத் தரப்பின் பேச்சாக இருந்தது. யூலை 28 இல் நாட்டுக்கு உரையாற்றிய சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் சிங்கள மக்களின் எதிர்வினையாகவே அதனைக் காட்டினார். சர்வதேச சட்டவியலாளர் ஆணைக்குழுவுக்காக 1984 இல் அறிக்கை எழுதிய போல் சீகார்ட், வெடிப்பு என்ற இக்கருத்தையே நேராக எடுத்து மறுத்தார். தானாக எழுந்த இனப்பகைப் பெருக்கு இதுவன்று, முன்கூட்டியே வகுத்த திட்டத்தின்படி நிறைவேற்றப்பட்ட செயல்கள் என்பது அவர் முடிவு. கொழும்பில் கூட்டத்தினர் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினர். உணர்ச்சி வெடிப்புக்கு இடாப்பு எதற்கு? பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டதோ மே மாதத்தில்; படையினர் கொல்லப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேல் முன்னர். எதிர்வினை வினைக்கு முந்திய அதிசயத்தை விளக்க வெடிப்புக் கொள்கையினரால் இயலாது. ஒரு வெளிநாட்டுச் சட்டத்தரணி ஆங்கிலத்தில் மறுத்துவிட்ட சொல்லை, அவ்வெரிப்பில் வீடிழந்தவரின் மொழி நாற்பது ஆண்டுகளாகச் சுமந்து திரிவது வெட்கத்துக்குரியது.

இனி 2018. பெப்ரவரி 22 ஆந் திகதி தெல்தெனியவில் சிங்களவரொருவர், லொறிச் சாரதி, முஸ்லிம்கள் சிலரால் தாக்கப்பட்டார். மார்ச் 3 இல் இறந்தார். மார்ச் 5 இல் திகனையில் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. எரிந்த வீடொன்றுள் ஒரு முஸ்லிம் இளைஞர் பிணமாகக் கிடந்தார். அவசரகால நிலை மறுநாள் பிரகடனமாயிற்று; அதன் மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. தாக்குதலுக்கும் எரிப்புக்கும் இடையே பத்து நாள்களுக்கு மேல் கழிந்துள்ளன. அந்நாள்களில் கைத்தொலைபேசி வழியே பரப்பப்பட்டவை இரகசியமாகப் பரப்பப்பட்டவையல்ல. தன் மேடை அப்பகையைப் பெருக்க உதவியதற்காக முகநூல் நிறுவனமே 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. ஒரு கூட்டு நிறுவனம் தானும் ஒரு செய்வோன் என்று ஒப்புக்கொண்ட பின்பும், நமது கட்டுரைகளில் கலவரம் தானே வெடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கு மருத்துவ பீடத்து நண்பர்களிடம் கற்கவேண்டியதுண்டு. ‘அவுட்பிறேக்’ அவர்களுடைய துறைச்சொல்லும் ஆகும். 1934 இல் பருவமழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கி, அக்குட்டைகளில் நுளம்பு பெருகியதால், 1935 முடிவதற்குள் மலேரியா இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்தது. கேகாலை, குருநாகல் பகுதிகளில் ஊர்களே ஓய்ந்தன. நோய் திடீரெனக் கிளம்பியது என்று கேட்ட அளவில் மருத்துவன் கேட்கும் முதற் கேள்வி, எங்கிருந்து, எதன் வழியே என்பது. இலண்டனில் 1854 இல் வாந்திபேதி கிளம்பியபோது ஜோன் ஸ்நோ வீடு வீடாகச் சென்று விசாரித்து, புரோட் வீதியின் ஒரு நீர்க்குழாயை விரல்நீட்டிக் காட்டினார். அவர்களிடத்தில் அச்சொல் விசாரணையைத் தொடக்கி வைக்கிறது. நம்மிடத்தில் அதே சொல் விசாரணையை முடித்து வைக்கிறது. நுளம்புக்குத் தரும் கவனத்தையேனும் மண்ணெண்ணெய்க் கானுக்குத் தரக்கூடாதா?

இதுவரை சொன்னவற்றைத் தமிழ் வாசகர் மகிழ்ச்சியோடு கேட்டிருப்பர். மேற்கொண்டு வருவதையும் கேட்கவேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ‘வெளியேறினர்’ என்றும் ‘இடம்பெயர்ந்தனர்’ என்றும் தமிழில் எழுதப்பட்டதும், இன்றும் எழுதப்படுவதும் உண்டு. யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வெளியேற்றியவர்கள் தமிழீழ விடுதலைப் புலிகள். வெளியேறு, வெளியேற்று என்னும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஆறாம் வகுப்பிற் படித்த தன்வினை பிறவினைப் பாடமே தெளிவாக்கும். ‘கலவரம் வெடித்தது’ என்ற வாக்கியத்தில் தன் வீட்டை எரித்தவனைக் காணாது வருந்தும் தமிழன், ‘முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தனர்’ என்ற வாக்கியத்தில் துப்பாக்கியோடு நின்றவனைத் தானே மறைத்துவிடுகிறான். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைக்கும் தமிழ் தெரியும் என்பதையும், அது அவனுக்கும் தாய்மொழி என்பதையும் அவன் நினைப்பதில்லை. பிறவினை பிறர்க்கு மட்டும் உரியதன்று.

1964 இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் கப்பலேற்றப்பட்ட மலையகத்தாரைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று எழுதியதும் இவ்வகையினதே. கண்டிச் சீமையில் பிறந்தவர் தாம் ஒருநாளும் காணாத ஊருக்குத் ‘திரும்ப’ முடியாது. அனுப்பினர் என்று எழுதுவதற்கு இரு அரசாங்கங்களையும் எழுவாயாக்கவேண்டியிருந்தது. அது பலருக்கும் சங்கடமாயிற்று.

நடுநிலை வேண்டும் என்பார் சிலர். நீதிமன்றம் தீர்ப்பளிக்குமுன் குற்றவாளியைப் பெயரிடலாகாது, ஆகவே ‘வெடித்தது’ என்பதே பாதுகாப்பான சொல் என்பது அவர் வாதம். பெயரிடுமாறு நாம் கேட்கவில்லை. ‘அடையாளந் தெரியாத கூட்டத்தினர் எரித்தனர்’ என்று எழுதுவதற்குத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. அதில் தெரியாதது தெரியாதது என்றே நிற்கிறது, செய்வோனின் ஆசனம் வெற்றிடமாகவேனும் காட்டப்படுகிறது. வெற்று ஆசனத்தைக் காணும் வாசகன் கேள்வி கேட்பான். வெடிப்புச் செய்தியைப் படிப்பவன் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். அவன் படித்தது வானிலை அறிக்கை. (இவ்விடத்தில் ஐரோப்பியரும் முற்றாகத் தப்பவில்லை. யூதர்மீதான தாக்குதலுக்கு அவர்கள் எடுத்தாண்ட ‘பொக்ரொம்’ என்ற ருசியச் சொல்லின் வேரிலும் இடிமுழக்கத்தின் உறவு உண்டு. ஆயினும் அச்சொல் இன்று செய்தவனையும் அடிபட்டவனையும் பிரித்துக் காட்டும் ஆற்றலைப் பெற்றுவிட்டது.)

ஈழத்துப் பத்திரிகைத் தமிழ் ‘வன்செயல்’ என்ற நல்ல சொல்லைத் தந்திருக்கிறது. செயல் என்றதுமே செய்தவன் யார் என்ற எதிர்பார்ப்பு எழுகிறது. ஆனால் ‘வன்செயல் வெடித்தது’ என எழுதி அதையும் கெடுத்து வருகிறோம். செயல் வெடிக்காது; செய்யப்படும். 2018 மார்ச் 5 பற்றி எழுதுவோர், ‘திகனையில் திரண்ட கூட்டத்தினர் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்தனர், பத்து நாள்களுக்கு முன் நிகழ்ந்த தாக்குதலொன்றைக் காட்டி அவர்களைத் திரட்டியோர் இருந்தனர்’ என்று எழுதட்டும். வாக்கியம் நீண்டுவிட்டது என்று எந்த அச்சுக்கோப்பாளரும் இறந்துபோகமாட்டார்.

மொழிபெயர்ப்பு வினாத்தாளில் அவ்வாங்கிலச் சொல்லைத் தந்து, போர்ச் செய்தி, நோய்ச் செய்தி, வன்செயற் செய்தி ஆகிய மூன்றிலும் வெவ்வேறாகத் தமிழாக்குமாறு கேட்பதற்கு விரிவுரையாளர்களுக்குத் தடையேதுமில்லை. அடுத்த ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதும் மாணவர் எவரேனும் ‘கலவரம் வெடித்தது’ என்று எழுதியிருந்தால், இதழாசிரியர் அதைத் திருத்தாமல், தொல்காப்பியர் சொன்ன எட்டில் எத்தனை தெரியும் என்ற கேள்வியை ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவாராக.